பித்தளைச் சட்டியில் பழங்குழம்பு

மாமி,

இன்று காலை பின்கட்டில் எழும்பிய நெடி இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. மருமகள் கக்கூஸ் கழுவ ஆசிட் வாங்கியிருந்தாள். பிளாஸ்டிக் மக்கு அகப்படவில்லை என்று பாட்டிலை அப்படியே தகர வாளியில் கவிழ்த்துவிட்டாள். ஊற்றிய மாத்திரத்தில் வாளி புஸ்ஸென்று பொங்கி, அடியிலிருந்து நுரை நுரையாகக் கிளம்பி, புகை கண்ணைக் கரித்தது. பக்கத்திலேயே வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அடுப்பில் தண்ணீரைக் கொட்டி அணைத்து, அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, கதவையெல்லாம் திறந்துவிட்டு, புகை அடங்கும்வரை ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.

கல்லூரியில் படிக்கிற பேத்தி வந்து பார்த்தாள். "வாளியில பூசியிருக்கிற துத்தநாகத்தை ஆசிட் அரிச்சிருக்கு அப்பத்தா. அதுல கிளம்புற வாயுல நெருப்புப் பட்டா டப்புன்னு வெடிச்சிரும். நீங்க அடுப்பை அணைச்சது நல்லதாப் போச்சு" என்றாள்.

மருமகள் காதில் அது ஏறவில்லை. நான் கத்தினது மட்டும்தான் ஏறியிருந்தது. "எதைத் தொட்டாலும் மோந்து பாக்குறது, எதை ஊத்துனாலும் எட்டிப் பாக்குறது. இந்த வீட்டுல ஒங்களுக்கு எல்லாத்து மேலயும் சந்தேகந்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே முகத்தைக் கழுவினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வார்த்தைகளை நான் உங்களைப் பற்றி என் அம்மாவிடம் சொல்லி மூக்கைச் சிந்தியிருக்கிறேன். நான் ஏன் சிரித்தேன் என்று அவள் இந்நேரம் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாள். படட்டும்.

நான் உங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது தனுஷ்கோடி வரைக்கும் ரயில் போய்க்கொண்டிருந்தது. என் அய்யா கடற்கரைப் பக்கத்து ஆள்தான் என்றாலும் கருவாட்டு யாபாரத்துக்காகச் சிக்கல் ஊரில் போய்க் குடியிருந்தவர். உழுது பிழைக்கிற சம்சாரிகள் நடுவில் வளர்ந்த பெண் நான். அந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் என்னைக் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏ சிக்கல்காரி" என்றுதான் கூப்பிடுவீர்கள். உங்கள் மகனுக்கு உங்கள் தம்பி மகளைக் கட்டிவைக்க நினைத்திருந்தீர்கள். மாமா குறுக்கே விழுந்து என்னைக் கொண்டுவந்தார். அதை நீங்கள் மறக்கவும் இல்லை, என்னை மறக்கவிடவும் இல்லை.

என் சீர்வரிசை வந்து இறங்கிய அன்று நீங்கள் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உச்சி சூடாகும். உங்கள் வீட்டில் அதுவரை சமையலெல்லாம் மண்சட்டியில்தான். பித்தளை என்றால் தண்ணீர்க் குடம் ஒன்று உண்டு, அவ்வளவுதான். என் அம்மா கொடுத்தனுப்பிய பெரிய பித்தளைச் சட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்தீர்கள், விரலால் தட்டிச் சத்தம் கேட்டீர்கள், உள்ளே தலையை விட்டுப் பார்த்தீர்கள். வெளியே மஞ்சளாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை.

"இது என்னடி, வெளிய ஒரு நெறம், உள்ள ஒரு நெறம்?" என்றீர்கள்.

"ஈயம் பூசியிருக்கு மாமி. எங்க பக்கம் எல்லா வீட்லயும் பூசித்தான் வச்சிருப்பாக" என்றேன். ஏன் பூசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தரம் ஈயம் பூசுகிறவர் வருவார், அம்மா பாத்திரங்களைக் கொடுப்பாள், பளபளவென்று திரும்பி வரும். அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

நீங்கள் "ம்" என்றீர்கள். அந்த "ம்" நல்ல "ம்" இல்லை என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

அடுத்த வருஷம் மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து வந்த கையோடு நம் வீட்டு மண்சட்டி, பானை எல்லாவற்றையும் வேலிக்கு வெளியே போட்டு உடைத்தார்கள். சாவு விழுந்த வீட்டில் பழைய சட்டி கூடாது, மாதாகோயிலில் முப்பதாம் நாள் பூசை முடியாமல் புதுச்சட்டி அடுப்பேறக் கூடாது என்பது உங்கள் குடும்பத்துப் பழக்கம். அதுவரை எதில் சமைப்பது? பரணில் கிடந்த என் பித்தளைச் சட்டி அப்போதுதான் கீழே இறங்கியது. இறக்கிப் பார்த்தால் உள்ளேயும் மஞ்சளாக மின்னியது. நீங்கள் துலக்கிவைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டைவிட இங்கே சுத்தமாகத் துலக்குகிறார்களே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தது உங்கள் சின்ன மகன். முதல் நாள் நான் வைத்த மீன்குழம்பு சட்டியிலேயே இருந்தது. நம் வீட்டில் குழம்பு மறுநாள்தான் ருசி, அதற்கென்றே புளியைக் கூடக் கரைத்து ஊற்றச் சொல்வீர்கள். காலையில் பழையசோற்றில் அதை ஊற்றிப் பிசைந்து நாலு வாய் தின்றவன் முகத்தைச் சுளித்தான்.

"என்ன மதினி, குழம்பு செப்புக்காசை நக்குன மாதிரி இருக்கு?" என்றான். சொல்லி வாய் மூடுவதற்குள் ஓடிப்போய் வேலியோரம் வாந்தியெடுத்தான். வந்தது பச்சையாக இருந்தது. அடுத்து உங்கள் பெரிய மகன், அதுதான் என் வீட்டுக்காரர். அப்புறம் நீங்கள்.

மீன் கெட்டுப்போயிருக்கும் என்றார்கள். மறுபடி ரெண்டொரு நாள் கழித்து அதேபோல் ஆனது. உங்கள் மகன் வயிறு முறுக்கிச் சுருண்டு கிடந்தார். மருந்துக்கடைக் கம்பவுண்டர் வந்து நாடியைப் பார்த்தார், வாந்தியைப் பார்த்தார். "இது மீனு கெட்டதுல வந்த மாதிரி தெரியலையே. விஷம் தின்ன மாதிரியில்ல இருக்கு. யாரு சமைச்சது?" என்றார். பாத்திரம் எது என்று மட்டும் அந்த மனுஷன் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விதான் என் நெஞ்சில் குத்தியது. "வீட்டுல இருக்கிறவுக அம்புட்டுப் பேருக்கும் வந்திருச்சு. ஒனக்கு மட்டும் ஏன்டி ஒண்ணும் பண்ணல?"

எனக்கு ஒன்றும் செய்யாததற்குக் காரணம் இருந்தது. நான் குழம்பைத் தொடவில்லை. மீன் வாடை பட்டாலே குமட்டியது. வெறும் கஞ்சியும் உப்பும்தான் உள்ளே போயிற்று. நான் மாசமாக இருந்தேன், மாமி. மூன்று மாசம் முடியாமல் வெளியே சொல்லாதே, அதுவும் துக்க வீட்டில் வாயைத் திறக்காதே என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். அதனால் உங்கள் மகனிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் படுத்தபடியே என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நெசமாவே நீ ஏன் குழம்பு ஊத்திக்கிறல?" என்று கேட்டார். அந்த இடத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னால், தப்பிக்கிறதுக்குப் பிள்ளையைச் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். என் பிள்ளையின் பேச்சு இந்த வீட்டில் முதன்முதலாக ஒரு சாக்காக வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நீங்களும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர்க் கிணற்றடியில் இரண்டு பேரிடம் சொன்னீர்கள். அது பாம்பனுக்குப் போய், மண்டபத்துக்குப் போய், உங்கள் தம்பி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் தண்ணீருக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். அதோடு விட்டீர்களா? அடுக்களைச் சாவியை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டீர்கள். நீங்களே புளி கரைத்து, நீங்களே குழம்பு வைத்து, கதவைப் பூட்டினீர்கள். மறுநாள் காலை நீங்களே திறந்து, நீங்கள் மட்டும் சாப்பிட்டீர்கள். நீங்கள் மட்டும் வாந்தியெடுத்தீர்கள்.

இப்போதாவது உங்களுக்குப் புத்தி வரும் என்று நான் நினைத்தால், "பூட்டுன கதவுக்குள்ள எப்படிடி கலந்த?" என்று கேட்டீர்கள்! அடேயப்பா, என்ன ஒரு மனசு மாமி உங்களுக்கு.

அப்போதுதான் எனக்கும் புத்தி கோணலாகப் போயிற்று. இந்தக் கிழவியே எதையோ கலந்து, தானும் கொஞ்சம் தின்று வாந்தியெடுத்து நாடகம் போடுகிறாள், என்னைத் துரத்திவிட்டுத் தம்பி மகளைக் கொண்டுவரப் பார்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். நீங்கள் அடுக்களைக்குள் போனால் நான் கதவிடுக்கில் நிற்பேன். நான் தண்ணீர் மோந்தால் நீங்கள் என் கையைப் பார்ப்பீர்கள். உங்கள் மகன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெறும் சோற்றை மோர் ஊற்றித் தின்றுவிட்டு எழுந்து போவார்.

கடைசியில் சிக்கலுக்கு ஆள் அனுப்பினீர்கள். பூசை முடிந்த கையோடு அய்யா வந்து என்னையும் என் பாத்திரங்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். போனால் திரும்பி வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். வயிற்றில் இருப்பதற்கு அப்பன் முகம் தெரியாமல் போய்விடும். அதைவிட, விஷம் வைத்தவள் பிள்ளை என்ற பெயரோடு அது வளரும். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"கட்டிவிடுற பாத்திரத்தைத் துலக்கியாச்சும் குடு. நாங்க அழுக்காக்கி அனுப்புனோம்னு ஒங்க ஆத்தா சொல்லப் போறா" என்றீர்கள். பித்தளைச் சட்டியைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய், புளியைக் குழைத்து உள்ளே அப்பினேன். அப்போதுதான் வெயில் வெளிச்சத்தில் முதன்முதலாக உள்ளே சரியாகப் பார்த்தேன். குழம்பு நின்ற மட்டத்தில் சுற்றிலும் பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது. அதற்குக் கீழே பித்தளை அரித்துச் செந்நிறமாக இருந்தது. கையில் இருந்த புளி பட்ட இடத்தில் களிம்பு கரைந்து, உள்ளங்கையில் பச்சைத் தண்ணீராக வழிந்தது. நாக்கு நுனியில் துளி வைத்துத் துப்பினேன். கசப்பும் கரிப்புமாக, கொழுந்தன் சொன்ன அதே செப்புக்காசு.

புளி போட்டால் பித்தளை பளிச்சென்று ஆவது ஊரில் யாருக்குத்தான் தெரியாது? புளி தின்றுதான் அது பளிச்சென்று ஆகிறது. துலக்கும்போது தின்றது சாக்கடையில் போகிறது. குழம்பாக ஊற்றி விடியும்வரை வைத்தால் தின்றது எங்கே போகும்? நம் வயிற்றுக்குத்தான். என் அம்மா வீட்டில் பாத்திரத்துக்குள் பூசியிருந்த வெள்ளை எதற்கு என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. புளிக்கும் பித்தளைக்கும் நடுவில் அது ஒரு சுவராக நின்றிருக்கிறது. அந்தச் சுவர் இந்தச் சட்டியில் எங்கே போயிற்று?

சட்டியோடு உங்கள் முன்னால் வந்து நின்றேன். மூச்சு வாங்கச் சொன்னேன். நீங்கள் வெற்றிலையை மடக்கியபடியே கேட்டுவிட்டு, "கிணத்தடியில வச்சு நீயே எதையாச்சும் தடவியிருப்ப" என்றீர்கள்.

"அப்ப நீங்களே வச்சுப் பாருங்க. நான் கிட்டயே வரல" என்று கத்தினேன். மாமியாரிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியது இல்லை.

நீங்கள் பார்த்தீர்கள். அதை மட்டும் நான் மெச்சத்தான் வேண்டும். என்னை வெளியே நிறுத்திவிட்டு, சட்டியை நீங்களே மண் போட்டுத் துலக்கி, நீங்களே புளித்தண்ணீர் ஊற்றி, உங்கள் மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டீர்கள். விடிந்ததும் திறந்தீர்கள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். நீங்கள் சட்டிக்குள் பார்த்தீர்கள், விரலை விட்டு எடுத்தீர்கள், விரல் பச்சையாக இருந்தது. அதை முந்தியில் துடைத்துக்கொண்டீர்கள்.

அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "அந்த வெள்ளைய நான்தான் சொரண்டுனேன். சிப்பிய வச்சு, மண்ணப் போட்டு. ஈயத்த வச்சு ஓட்டைதான அடைப்பாக? உள்ள பூராம் ஈயமா இருக்கே, சட்டி பூராம் ஓட்டையாத்தான் இருக்கணும், நம்ம தலையில கட்டிட்டாகன்னு நெனச்சேன்."

மாமி, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் அய்யாவை ஓட்டைச் சட்டி கொடுக்கிற மனுஷன் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். பெற்ற பிள்ளைகளுக்கு உங்கள் சந்தேகம்தான் விஷம் வைத்தது என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். சொல்லி முடித்து நின்றபோதுதான் குமட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு ஓங்கரித்தேன். திரும்பினால் நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள், இடுப்பைப் பார்த்தீர்கள்.

"எத்தனை மாசம்டி?" என்றீர்கள்.

பூசைக்கு முன்னால் ராமநாதபுரத்திலிருந்து ஈயம் பூசுகிறவரை வரவழைத்தீர்கள். அவர் சட்டியைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தைத் தேய்த்தபோது வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பியது. "புள்ளத்தாச்சி இங்கன நிக்காத, அங்கிட்டுப் போ" என்று என்னை விரட்டினீர்கள். அப்புறம் அவரையும் விட்டீர்களா? "வெள்ளீயத்துல காரீயத்தக் கலந்து ஏமாத்திறாத" என்று மிரட்டி, பூசின இடத்தை வெள்ளைத் துணியால் தேய்த்து, கறுப்பு ஒட்டுகிறதா என்று பார்த்தீர்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "ஆத்தா, நீங்க போலீசுல இருக்க வேண்டிய ஆளு" என்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தலில் இலை போட்டார்கள். அய்யா சிக்கலிலிருந்து வந்து, ஒரு மூலையில், குற்றவாளி வீட்டு ஆள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழம்பை நான்தான் வைக்க வேண்டும், அந்தச் சட்டியில்தான் வைக்க வேண்டும் என்று நீங்கள் ஒரே பிடியாக நின்றீர்கள். வைத்தேன். வாளியில் மோந்துகொண்டு பந்திக்கு வந்தால் அத்தனை பேரும் இலையைக் கையால் மறைத்தார்கள். "எனக்கு வேணாம்", "மோர் போதும்", "வயிறு சரியில்ல". உங்கள் தம்பி சம்சாரம் என் முகத்துக்கு நேராகவே, "அந்தக் கையால ஊத்துனத நாங்க எப்படித் திங்கிறது?" என்றாள். அய்யா தலை குனிந்துகொண்டார்.

தாலி இறங்கிய பெண் பந்தியில் உட்காருவது அந்தக் கரையில் வழக்கமில்லை. நீங்கள் உள்ளறையிலிருந்து வெள்ளைச் சீலையோடு எழுந்து வந்தீர்கள். பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்தீர்கள். "ஊத்துடி" என்றீர்கள். ஊற்றினேன். சோற்றைப் பிசைந்தீர்கள். எல்லோரும் பார்க்க, முதல் வாயை எடுத்து வைத்தீர்கள். மென்று விழுங்கினீர்கள். இரண்டாவது வாய். மூன்றாவது.

அப்புறம் தலையை நிமிர்த்தி, "பாத்திரத்துல இருந்த கோளாறு. ஈயத்தச் சொரண்டுனது நானு, வெஷம்னு ஊரெல்லாம் சொன்னதும் நானு. இவ என் பேரப்புள்ளயச் சொமக்குறா. இவ கையால திங்க மனசில்லாதவுக எந்திரிச்சுப் போங்க" என்றீர்கள்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. உங்கள் தம்பி சம்சாரம்கூட இலையிலிருந்து கையை எடுத்தாள். உங்கள் மகன் என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு அடுத்த பந்திக்குத் தானே ஊற்றினார். அய்யா அன்றைக்குத் தனியாகத்தான் ஊருக்கு ரயிலேறினார்.

அதற்கப்புறமும் நீங்கள் மாறவில்லை. புளிச்ச மோரைச் செம்புச் சொம்பில் வைத்தால் சண்டை. ஊறுகாயை அலுமினியத்தில் போட்டால் சண்டை. யார் வீட்டுக்குப் போனாலும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காப்பித்தண்ணியை வாயில் வைப்பீர்கள். எனக்கும் அந்தப் புத்தி எப்போது ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. இன்றைக்கு வாளி நுரைத்தபோது என் கால் நின்று யோசிக்கவில்லை, அடுப்பைப் பார்த்து ஓடியது.

ஆனால் நான் சுமந்துகொண்டிருப்பது அது இல்லை, மாமி. நீங்கள் படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, நாம் இரண்டு பேரும் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "மாமி, அன்னைக்குப் பந்தியில என்னைய நம்பித்தான சாப்பிட்டீக?"

நீங்கள் அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்குட்டு நம்புனேன்? பொட்டிக்குள்ள பச்சையாப் போனதப் பாத்தப்பவும் பாதி மனசு ஒம்மேலதான் இருந்துச்சு. சாவு வந்தா வரட்டும்னு பயந்துக்கிட்டேதான் தின்னேன்" என்றீர்கள்.

"அப்புறம் ஏன் தின்னீக?"

"நான் திங்கலைன்னா ஒன்னைய ஒருத்தரும் வாழ விட்டுருக்க மாட்டாகல்லடி."

என்னை நம்பியவர்கள் என் வாழ்நாளில் பல பேர் உண்டு. என் கையில் விஷம் இருக்கும் என்று நினைத்தபடியே எனக்காக அதை விழுங்கியவர் நீங்கள் ஒருத்தர்தான்.